வசூல் பணம் யாருடையது? – சேவைச் சங்கத்து வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

அரிமா, ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்களிலும் ஊர் இளைஞர் மன்றங்களிலும் இருப்பவர்கள் உங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றித்தான். அது எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிற மெம்பர் இருக்கிற சங்கம் பிழைத்துக்கொள்ளும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றில் பத்தொன்பது வருஷமாக மெம்பர், அதில் ஐந்து வருஷம் பொருளாளர். அந்த அனுபவத்தில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, வணக்கம். ஜூலை 1 அன்று எங்கள் அரிமா சங்கத்துக்குப் பொருளாளராகப் பொறுப்பேற்றேன். பழைய பொருளாளர் ஒரு டைரியையும் ஒரு பை நிறைய பில்களையும் கொடுத்தார். கண் சிகிச்சை முகாமுக்கு வசூலித்ததில் 18,400 ரூபாய் மீதி இருக்கிறது. பதவியேற்பு விழாவுக்கு மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் பாக்கி இருப்பதால், அதை இந்தப் பணத்தில் கொடுத்துவிட்டு அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார் தலைவர். எல்லா மெம்பர்களும் சம்மதம் என்கிறார்கள். என்ன செய்வது? (மன்னார்குடி)

பதில்: அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். மெம்பர்கள் எல்லாரும் சம்மதித்தாலும் தொடக் கூடாது, ஏனென்றால் அது மெம்பர்களுடைய பணமே இல்லை. இது என் சொந்த அபிப்பிராயம் என்று நினைக்க வேண்டாம், அரிமா இயக்கத்தின் விதியே அப்படித்தான். நிர்வாகக் கணக்கு தனி, சேவைக் கணக்கு தனி. மெம்பர்கள் கட்டும் சந்தா, மீட்டிங்கில் விளையாட்டாகப் போடும் அபராதம், இதெல்லாம் நிர்வாகக் கணக்கு. மண்டபம், சாப்பாடு, பொன்னாடை, மாலை, அழைப்பிதழ் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஊரில் கைநீட்டி வாங்கியது அத்தனையும் சேவைக் கணக்கு. அந்த வசூலுக்கென்றே நேரடியாக ஆன செலவை, அதாவது ரசீது அச்சடித்தது, நிகழ்ச்சி வைத்தால் மேடை போட்டது, இவற்றை மட்டும் அதில் கழித்துக்கொள்ளலாம். மீதி ஊருக்கே திரும்பிப் போக வேண்டும்.

எங்கள் சங்கத்தில் இது நடந்தது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஒரு வருஷம் முகாமில் மிஞ்சிய பணத்தை எடுத்துப் பதவியேற்பு விருந்துக்குப் போட்டார்கள். நான் அப்போது வெறும் மெம்பர், வாயைத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் வசூலுக்குப் போனபோது பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர், "என் இருநூறு ரூவாயில பிரியாணி போட்டீங்களாமே அக்கா" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, டீ ஆற்றிக்கொண்டே கேட்டார். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர் எங்களுக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை, அந்த வரிசையில் இருந்த மற்ற கடைகளும் கொடுக்கவில்லை.

நீங்கள் முதல் மாதத்திலேயே செய்ய வேண்டியவை: வங்கியில் இரண்டு கணக்கு, இரண்டிலும் இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு. பழைய பொருளாளரிடம் பாஸ்புக்கோடு ரசீதுப் புத்தகங்களையும் எண்ணி வாங்குங்கள், எழுதாத புத்தகங்களையும் சேர்த்துத்தான், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை உங்கள் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடைகளில் ஒட்டும் கியூஆர் அட்டை சங்கத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். என் நம்பருக்கே அனுப்புங்கள், நான் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லும் பழக்கம் எவ்வளவு நல்லவர் செய்தாலும் தப்பு. அப்புறம் மாதா மாதம் மீட்டிங்கில் வரவு செலவை எழுந்து நின்று வாசியுங்கள். யாரும் கவனிக்கவில்லை என்றாலும் வாசியுங்கள்.

மண்டப பாக்கிக்கு மெம்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போடட்டும். அந்த 18,400 ரூபாய் அடுத்த கண் முகாமுக்கு முதல் வரவாக இருக்கட்டும், அதை வசூலுக்குப் போகும்போதே கடைக்காரர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் 5,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து, வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது கேட்கிறார். கொடுக்கலாமா? (கரூர்)

பதில்: ரசீது கொடுக்கலாம், ஆனால் அதை வைத்து அவருக்கு வரிச்சலுகை கிடைக்காது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்த நன்கொடைக்கு அந்தச் சலுகை இல்லை. செக்காகவோ யூபிஐயிலோ கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் சங்கத்துக்கு 80ஜி அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், தலைமை அமைப்புக்கு இருந்தால் ஊர்ச் சங்கத்துக்கும் இருப்பதாக அர்த்தமில்லை. பல சங்கங்கள் இதற்காகவே தனியாக ஓர் அறக்கட்டளை பதிவுசெய்து வைத்திருக்கின்றன. அங்கீகாரம் இருந்தால், கொடுத்தவரின் பான் எண், தொகை விவரங்களை வருஷ முடிவுக்குப் பிறகு வருமான வரித்துறைக்குச் சமர்ப்பித்து, அங்கிருந்து உருவாகும் சான்றிதழை அவருக்குக் கொடுக்க வேண்டும். புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவராக இருந்தால் இந்தச் சலுகையே அவருக்குப் பொருந்தாது, அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிசியாகவோ நோட்டுப் புத்தகமாகவோ கொடுத்தாலும் கிடையாது.

ஐயாயிரத்தை மூன்று பேர் பெயரில் உடைத்து எழுதித் தரச் சொல்லி உங்களை யாராவது கேட்பார்கள். செய்யாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் கண் சிகிச்சை முகாம் நடத்த ஆசைப்படுகிறோம். நாங்கள் பதினான்கு பேர், எல்லாருமே புதியவர்கள். எவ்வளவு பணம் வேண்டும், என்னென்ன வேலை இருக்கும்? (உசிலம்பட்டி)

பதில்: நீங்கள் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அதைவிட நல்ல இடம் இந்த வேலைக்கு வேறு எது? டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் பதினொரு படுக்கையோடு மதுரையில் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. அது இத்தனை லட்சம் கண்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் உங்களைப் போன்ற ஊர்ச் சங்கங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. முகாமுக்கு மருத்துவக் குழுவும் கருவிகளும் அவர்களோடு வரும். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்களை அவர்களே பேருந்தில் அழைத்துப்போய், லென்ஸ் வைத்து, தங்கவைத்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே அறுவை சிகிச்சையும் நடந்ததுண்டு. இப்போது கிருமித்தொற்று பயத்தால் முகாமில் பரிசோதனை மட்டும், அறுவை சிகிச்சை மருத்துவமனையில்தான்.

உங்கள் பங்கு இடம், விளம்பரம், ஆட்கள், அன்றைய சாப்பாடு, தண்ணீர். இதற்குப் பெரிய தொகை தேவையில்லை. நோட்டீஸ் ஒருவர், பந்தலும் சேரும் ஒருவர், மதிய சாப்பாடு ஒருவர் என்று செலவைப் பிரித்து ஆள் பிடியுங்கள். பணமாகக் கேட்டால் தயங்குகிற கடைக்காரர், "நூறு பேருக்குத் தண்ணீர் கேன் உங்களுது" என்றால் சரி என்பார்.

இடம் பார்க்கும்போது தரைத்தளமாகப் பாருங்கள், வயதானவர்களைப் படியேற்றாதீர்கள். பார்வை சோதிக்கும் அட்டைக்கும் ஆளுக்கும் நடுவில் ஆறு மீட்டர் வேண்டும் என்பதால் நீளமான வகுப்பறை ஒன்று தேவை, வெளிச்சத்தை அடைக்கக்கூடிய அறை ஒன்றும் தேவை. முகூர்த்த நாளும் அறுவடை நேரமும் வேண்டாம். பிளக்ஸ் போர்டு வைத்து விளம்பரம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், கண் தெரியாதவர்களுக்குத்தானே முகாம், அவர்கள் எப்படி அதைப் படிப்பார்கள்? ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லுங்கள், ரேஷன் கடையில் சொல்லுங்கள், பால் சொசைட்டியில் சொல்லுங்கள், நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே போய்ச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சாப்பிடுகிற மாத்திரையைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், ஆதார் அட்டை, மாற்றுத் துணி, வீட்டு ஆள் ஒருவரின் போன் நம்பர் ஆகியவற்றையும்தான். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைப்பார்கள். அவர்கள் பெயரைத் தனியாக எழுதிக்கொண்டு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் அவர்கள் கண்புரையோடு அப்படியே இருந்துவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது எது தெரியுமா? அறுவை சிகிச்சை தேவை என்று சொன்ன பிறகும் பேருந்தில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறவர்கள். பயம் ஒரு காரணம்தான். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கூலி போய்விடும், மகன் வேண்டாம் என்கிறான், இப்படி நிறைய உண்டு. எங்கள் ஊரில் ஒரு பாட்டி மூன்று முகாமுக்கு வந்தார், மூன்று தடவையும் சோதனை முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். நாலாவது முறை வீட்டுக்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, அவரிடம் இரண்டு ஆடு இருக்கிறது, அதை யார் பார்ப்பார்கள் என்பதுதான் தடை. எங்கள் மெம்பர் ஒருவர் அந்த ஆடுகளை மூன்று நாள் தன் வீட்டுக் கொல்லையில் கட்டிப் புல் போட்டார். பாட்டி போய்வந்துவிட்டார். எங்கள் சங்கம் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆடு மேய்த்ததுதான்.

திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கிறது. சொட்டு மருந்து தவறாமல் போட வேண்டும், தனியாக இருக்கிறவருக்கு யார் போடுவார்கள்? பக்கத்து வீட்டில் எட்டாவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளையைப் பிடித்து ஒப்படையுங்கள், அவர்கள் மிகப் பொறுப்பாகச் செய்வார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்களா என்று பட்டியலை வைத்து டிக் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோட் போட்டுக்கொண்டு ஹோட்டலில் சாப்பிடுவதைத் தவிர இந்தச் சங்கங்களால் உண்மையில் ஏதாவது நடந்திருக்கிறதா? (சேலம்)

பதில்: நடந்திருக்கிறது. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ரோட்டரியைத் தொடங்கியபோது அது நண்பர்கள் கூடிப் பேசும் இடமாகத்தான் இருந்தது. ஊருக்கென்று அவர்கள் எடுத்துச் செய்த முதல் வேலை என்ன தெரியுமா, பொதுக் கழிப்பறை. நகர மன்றத்துக்குப் பக்கத்தில் மக்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு போராடி அதைக் கட்டவைத்தார்கள். இன்றைக்கும் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

போலியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1979-ல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதில் இறங்கிய ரோட்டரி, 1985-ல் உலகம் முழுக்கவே போலியோ இருக்கக் கூடாது என்று வேலையைத் தொடங்கியது. நம் நாட்டில் கடைசியாக இயற்கையான போலியோ வைரஸ் தாக்கிய குழந்தை மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், 2011 ஜனவரியில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. சுமையைத் தூக்கியவர்கள் அரசு சுகாதாரப் பணியாளர்களும் அங்கன்வாடிப் பெண்களும்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மருந்து வாங்கப் பணம் திரட்டியது, பூத்தில் உட்கார்ந்தது, குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தது என்று ஊர்க்காரர்கள் செய்த வேலையும் அதில் இருக்கிறது. அரிமா சங்கங்கள் கண்ணைப் பிடித்துக்கொண்டதற்கும் ஒரு கதை உண்டு, 1925-ல் அமெரிக்காவில் நடந்த அவர்களது மாநாட்டில், பார்வையும் கேட்கும் திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் வந்து பேசினார், பார்வையற்றவர்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டார், அன்றிலிருந்து அதை விடவில்லை.

ஹோட்டல் சாப்பாடும் இருக்கிறதுதான். அதை மெம்பர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் சாப்பிட்டால் நமக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கிவிட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கட்ட எங்கள் சங்கக் கணக்குக்கு ஒரு லட்சம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? (புதுக்கோட்டை)

பதில்: அவசரப்படாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் தன் சொந்தப் பணத்தை வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், நம் ஊரில் பிறந்தவரானாலும் சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். அவரிடமிருந்து சங்கம் பணம் வாங்க வேண்டுமானால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும், பணமும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வர வேண்டும். நல்ல காரியத்துக்குத்தானே என்று ஊர்க்கணக்கில் வாங்கிவிட்டுப் பிறகு தவித்தவர்களை எனக்குத் தெரியும். ஆடிட்டரைப் பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள். அவருடைய குடும்பத்தில் இந்தியக் குடியுரிமையோடு இருக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொடுக்க விரும்பினால் அதற்குத் தடையில்லை, ஆனால் அவர் பணத்தையே அவர்கள் பெயரில் சுற்றிவிடுவது அதே தப்புதான்.

கேள்வி: எங்கள் சங்கத் தலைவரின் பிறந்தநாளில் 300 பேர் ரத்ததானம் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறோம். ஆட்களைத் திரட்ட யோசனை சொல்லுங்கள். (விருதுநகர்)

பதில்: ஆட்களைத் திரட்டுவதற்கு முன்னால் ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டு, உங்களுக்கு எத்தனை யூனிட் வேண்டும், எப்போது வேண்டும் என்று கேளுங்கள். பல முகாம்களில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலேயே தேதி குறித்துவிடுகிறார்கள்.

ரத்தத்தைச் சேமித்து வைக்க முடிகிற காலம் குறைவு. சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்தான் வைத்திருக்கலாம், தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்தே நாள். ஒரே நாளில் முந்நூறு பேரிடம் எடுத்துவிட்டால் அந்த வங்கிக்கு அவ்வளவையும் உரிய காலத்துக்குள் பயன்படுத்த நோயாளிகள் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ரத்தம் கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண்ணுக்கு 120 நாள். உங்கள் பட்டியலில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரே நாளில் படுக்க வைத்துவிட்டால், அடுத்த மூன்று மாதத்தில் நடுராத்திரி ஒரு பிரசவத்துக்கு ரத்தம் கேட்டு போன் வரும்போது யாரை அனுப்புவீர்கள்? முந்நூறு பேரையும் ஆறாகப் பிரித்து ஐம்பது ஐம்பதாக வருஷம் முழுக்க வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுமுறையால் முகாம்கள் குறைந்துபோகும், அப்போது ஒன்று கண்டிப்பாக வையுங்கள். டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டணுக்குத் தேவை கூடும், அதற்காகக் கூப்பிட்டால் உடனே வரக்கூடியவர்கள் பட்டியல் ஒன்று தனியாக இருக்கட்டும்.

வயது 18 முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். திருப்பி அனுப்பப்படுகிற பெண்களில் நிறையப் பேருக்கு இந்த ஹீமோகுளோபின்தான் காரணம். அவர்களை வெறுமனே போகச் சொல்லாமல், பக்கத்தில் ஒரு மேசை போட்டு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர் ஒருவரை உட்காரவைத்து இரும்புச்சத்து மாத்திரை பற்றிச் சொல்லவையுங்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லி அனுப்பிய பெண்களில் சிலர் ஆறு மாதம் கழித்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பணமோ பெரிய பரிசோ காட்டி யாரையும் அழைக்க வேண்டாம். காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் நம் நாட்டில் நிறுத்தியதே, உண்மையை மறைத்துக்கொண்டு கொடுக்க வருகிறவர்களால் நோயாளிக்கு ஆபத்து என்பதால்தான்.

தலைவருக்கு என் பிறந்தநாள் வாழ்த்துகள்.

கேள்வி: என் கணவர் சங்கத்தில் மெம்பர். முகாம் என்றால் மெம்பர்களின் மனைவிமார் நாங்கள் எட்டுப் பேர் காலை நாலு மணிக்கு எழுந்து சமைக்கிறோம், பரிமாறுகிறோம், பாத்திரம் கழுவுகிறோம். மீட்டிங்கில் எங்களுக்கு இடமில்லை. நாங்களும் சேர முடியாதா? (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: முடியும். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்ற பழைய விதியை அரிமா 1987-லும் ரோட்டரி 1989-லும் எடுத்துவிட்டன. உங்கள் ஊரில் சேர்க்கவில்லை என்றால் அது விதியால் இல்லை, பழக்கத்தால். ரோட்டரி மெம்பர்களின் மனைவியர் 1924-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொடங்கிய இன்னர் வீல் சங்கமும் நம் ஊர்களில் உண்டு, அது தனி அமைப்பு, தனிக் கணக்கு, தனித் தலைவி. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கு வேண்டியது தனிச் சங்கம் இல்லை, அதே மேசையில் ஒரு நாற்காலி என்று தோன்றுகிறது. எட்டுப் பேரும் சேர்ந்து மெம்பர் விண்ணப்பம் கேளுங்கள், ஒருவராகப் போனால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். நான் சேர்ந்தபோது எங்கள் சங்கத்தில் இரண்டே பெண்கள். முதல் வருஷம் முழுக்க என்னை வரவேற்பு மேசையில் சந்தனம் கொடுக்கத்தான் நிறுத்தினார்கள். வங்கியில் கணக்குப் பார்த்தவள், எனக்குக் கணக்கு வேலை கொடுங்கள் என்று மீட்டிங்கில் கேட்ட பிறகுதான் மாறியது. உங்களுக்கு என்ன வேலை வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு பெயர் சொல்லிக் கேளுங்கள், சகோதரி. அப்புறம் சமையல் வேலையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் முறை போட்டு, ஆண் மெம்பர்கள் பெயரையும் அதில் எழுதுங்கள்.

கேள்வி: நிதி திரட்ட 100 ரூபாய் டிக்கெட் போட்டு ஸ்கூட்டர் குலுக்கல் நடத்தலாமா? (திண்டிவனம்)

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது, பரிசுத் திட்டங்களுக்கு எதிரான சட்டம் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. சேவைக்காக என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. மாதம் ஒரு ஞாயிறு வீடு வீடாகப் போய்ப் பழைய பேப்பர் வசூலியுங்கள், தொகை சிறியதாக இருக்கும், ஆனால் வருஷம் முழுக்க வரும், நானூறு வீட்டுக்கு உங்கள் முகம் தெரியும். அந்த நானூறு வீட்டில்தான் உங்களுக்கு அடுத்த கண் நோயாளியும் கிடைப்பார், அடுத்த ரத்தக் கொடையாளரும் கிடைப்பார்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஆண்டுதோறும் ஒரு சங்கம் எங்கள் மாணவிகளுக்குக் கல்வி உதவி தருகிறது. அப்பா இல்லாத பிள்ளைகளை மேடையில் வரிசையாக நிறுத்தி, காரணத்தையும் மைக்கில் சொல்லி, போட்டோ எடுக்கிறார்கள். போன வருஷம் ஒரு பிள்ளை, "பணம் வேண்டாம் மிஸ்" என்று என்னிடம் அழுதாள். உதவியையும் இழக்க முடியவில்லை, இதையும் பார்க்க முடியவில்லை. (தஞ்சாவூர்)

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தை எங்கள் சங்க மீட்டிங்கில் வாசித்தேன், ஊர்ப் பெயரை விட்டுவிட்டு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, ஏனென்றால் நாங்களும் இதைச் செய்திருக்கிறோம்.

சங்கத்துக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. வருஷ அறிக்கைக்கு போட்டோ வேண்டும், நன்கொடை கொடுத்தவருக்குக் காட்ட வேண்டும், மாவட்டத்தில் பரிசுக்கு அனுப்ப வேண்டும், இப்படி அவர்களுக்கும் காரணங்கள் இருக்கின்றன. அதனால் போட்டோவே கூடாது என்று சொல்லாமல் வேறு போட்டோவைக் கொடுங்கள். தலைமையாசிரியரோடு பேசி இப்படி ஓர் ஏற்பாடு செய்யலாம்: பணம் மாணவியின் அல்லது தாயாரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகட்டும், பள்ளி அதற்குப் பெயர் பட்டியலும் கையெழுத்தும் கொடுக்கட்டும், அது சங்கத்தின் தணிக்கைக்குப் போதும். மேடையில் சங்கத் தலைவர் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் கொடுப்பது போல் போட்டோ எடுத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் அன்றைக்குப் பார்வையாளர் வரிசையில் மற்ற பிள்ளைகளோடு பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கட்டும். கொடுத்தவருக்குத் தெரியப்படுத்த, மதிப்பெண் விவரத்தைப் பெயரில்லாமல் வருஷத்துக்கு ஒரு முறை அனுப்பலாம்.

அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுதுங்கள், அதே தொகைக்கு வேறு கை பார்ப்போம். அழுத அந்தப் பிள்ளையிடம், மேடை ஏற வேண்டியதில்லை, பணம் வந்துவிடும் என்று நாளைக்கே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் 80 பேர். வேலைக்கு வருவது ஆறு பேர். என்ன செய்யலாம்? (நாகர்கோவில்)

பதில்: "ஞாயிறு காலை குளம் சுத்தம், அனைவரும் வாருங்கள்" என்று குரூப்பில் போட்டால் எண்பது பேரும் மற்ற எழுபத்தொன்பது பேர் போவார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவரைத் தனியாக போனில் அழைத்து, "தம்பி, உன் வண்டியில ரெண்டு மண்வெட்டி எடுத்துட்டு ஆறரைக்கு வந்துடு, எட்டரைக்கு விட்டுடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்தால்தான் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வர முடியும். சொன்ன நேரத்துக்கு விட்டும்விடுங்கள். காலையில் முதல் அரைமணி நேரத்தைத் தலைவர் பேச்சில் செலவழிக்காதீர்கள். ஆறு பேரில் யாராவது தவறாமல் வருகிறவர் இருந்தால் அவரை முதலில் பொறுப்பில் வையுங்கள், அவர் சந்தா குறைவாகக் கட்டுகிறவராக இருந்தாலும்.

கேள்வி: கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கப் போகிறோம். திறப்பு விழாவுக்கு யாரை அழைக்கலாம்? (திருவண்ணாமலை)

பதில்: யாரை வேண்டுமானாலும் அழையுங்கள். ஆனால் திறப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து, மதியம் இரண்டு மணிக்குப் பானை காலியாகும்போது அதை யார் நிரப்புவது, தினமும் பானையையும் டம்ளரையும் யார் கழுவுவது, காய்ச்சி ஆறிய தண்ணீரா கேன் தண்ணீரா, இதை நாள்வாரியாகப் பெயர் எழுதி முடித்துவிட்டுத் தேதி குறியுங்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஒப்புக்கொண்டால் அதுதான் நல்லது, எங்கள் ஊரில் அதே டீக்கடைக்காரர்தான் இப்போது பார்த்துக்கொள்கிறார். தண்ணீர் கேன் செலவை வாரம் ஒரு முறை அவரிடம் பில் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.